பீர் ஊரில் சிவகாமி மதினி

1

நான் வேலை பார்க்கும் பீர் ஆலையில் போன மாதம் எனக்கு ஒரு சின்ன விழா எடுத்தார்கள். சேர்ந்து பத்து வருஷம் ஆகிவிட்டதாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூட்டி வைத்து, முதலாளி கொஞ்சம் பேசி, மூடி போட்ட ஒரு பீங்கான் குவளையைக் கையில் கொடுத்தார். குவளையில் என் பெயரைப் பொறித்திருந்தார்கள்: கொமாட்டி. ஆரம்பத்தில் ‘கோமதி’ என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். எல்லோரும் குவளையைத் தூக்கி என்னை வாழ்த்தினார்கள். நானும் தூக்கினேன். வாயில் வைத்த அந்தப் பீர் தொண்டைக்குள் இறங்க மறுத்தது. ருசியில் குறை ஒன்றும் இல்லை. நானே காலையில் சோதித்து அனுப்பியதுதான்.

ஊரில் நான் எழுதுவதை வாசிக்கிற சிலர் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள்: ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு விதமாகப் பீர் காய்ச்சுகிறார்களாமே, அதைப் பற்றி எழுதுங்களேன் என்று. எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் என் அண்ணன் சங்கரலிங்கம் குறுக்கே வந்து நிற்கிறான். இந்தத் தடவை அவனையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

நான் ஆழ்வார்குறிச்சிக்காரி. மதுரையில் நுண்ணுயிரியல் படித்தேன். கல்யாணமாகி, என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்த ஜெர்மன் ஊருக்கு வந்தபோது எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் ‘நன்றி’, ‘மன்னிக்கவும்’ இரண்டும்தான் தெரியும். பவேரியா மாநிலத்தின் வடபகுதியில் மலைச்சரிவில் உள்ள சின்ன ஊர். ஊருக்கு நடுவில் பீர் ஆலை. அவர்களுக்குப் பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்டை வளர்க்கவும் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஈஸ்டுக்குப் பாஷை தேவையில்லை. எண்பத்தெட்டில் சேர்ந்தேன்.

சேர்ந்து இரண்டு வருஷத்தில் என்னைச் சுவை பார்க்கும் குழுவிலும் போட்டுவிட்டார்கள். மிளகாயும் புளியும் தின்று வளர்ந்த நாக்கு எதற்கு ஆகும் என்று நான் நினைத்தேன். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத புளிப்பு எனக்கு முதலில் தெரிந்தது. தினமும் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே, நாக்கு சுத்தமாக இருக்கும் நேரத்தில், கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைப்பார்கள். ஒயின் சோதிக்கிறவர்கள் வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள். பீரைத் துப்ப முடியாது. அதன் கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரியும். அதனால் விழுங்கியே ஆக வேண்டும். ஊரில் யாராவது கேட்டால், ‘லேபில் வேலை’ என்று சொல்வேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

2

அண்ணனுக்கு மட்டும் முழுதும் தெரியும். அவன் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். வீட்டுக்குத் தொலைபேசி வந்த பிறகு சனிக்கிழமை தோறும் நான் கூப்பிடுவேன். எனக்கு மதியம், அவனுக்கு விளக்கு வைத்த நேரம்.

“ஏட்டி, இந்த வாரம் எந்த ஊரு தண்ணி?” என்றுதான் ஆரம்பிப்பான்.

பீரில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஒரு நாட்டுப் பீரின் குணத்தை முதலில் தீர்மானிப்பது அந்த ஊர்த் தண்ணீர். பொஹீமியாவில், இப்போது செக் நாடு, பில்சன் என்ற ஊரின் தண்ணீரில் உப்போ சுண்ணாம்போ அதிகம் கிடையாது. அதனால்தான் அவர்களுடைய பீர் வைக்கோல் நிறத்தில் பளிச்சென்று இருக்கிறது. ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைப் போட்டுக் கசப்பேற்றுகிறார்கள். மென்மையான தண்ணீரில் அந்தக் கசப்பு குத்துவதில்லை, படிகிறது. இதை அண்ணனிடம் சொன்னதும் குதித்தான்.

“நம்ம கடனாத்துத் தண்ணியில சோப்பு எப்படி நுரைக்கும், தெரியும்லா? பாபநாசத்துல ஒரு ஆலை போட்டா உங்க செக்காரன் தோத்துருவான்.”

இங்கிலாந்து வேறு மாதிரி. அங்கே சில ஊர்களில் தண்ணீரில் ஜிப்சம் அதிகம். கசப்பு உலர்ந்தாற்போல நாக்கைக் கவ்வும். பீர் பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும். மதுக்கடைக்கு வந்த பிறகும் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும். அதிகம் குளிரவைக்க மாட்டார்கள், பொங்கும் வாயுவும் குறைவு. திறந்த பீப்பாயைச் சில நாளில் தீர்க்காவிட்டால் கெட்டுவிடும். பெரிய கம்பெனிகள் இதை ஒழித்துவிடப் பார்த்தபோது, குடிக்கிறவர்களே சங்கம் வைத்துச் சண்டை போட்டுக் காப்பாற்றினார்கள்.

ஜெர்மனிக்காரர்கள் சட்டப் பிள்ளைகள். தண்ணீர், முளைகட்டி உலர்த்திய பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட். வேறெதையும் சேர்க்கக் கூடாது. ஆனாலும் இந்த நான்கை வைத்துக்கொண்டே ஊருக்கொரு வித்தை காட்டுவார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் முளைப்பார்லியை விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். பீரே புகை மணக்கும். தெற்கே பார்லியோடு கோதுமையையும் சேர்க்கிறார்கள்; அதற்கு மட்டும் சட்டத்தில் விலக்கு. அதற்கென்று ஓர் ஈஸ்ட் உண்டு. வாழைப்பழமும் கிராம்பும் கிட்டேயே வராத பீருக்குள் அந்த இரண்டின் வாசனையையும் அது உண்டாக்கிவிடும். அமெரிக்காவில் இப்போது சின்னச் சின்ன ஆலைகள் கிளம்பியிருக்கின்றன. வீட்டுக் கொட்டகையில் காய்ச்சிப் பழகியவர்கள். ஐரோப்பியர்களின் வகைகளையெல்லாம் எடுத்து, பயப்படாமல் ஹாப்ஸை அள்ளிப் போடுகிறார்கள். எங்கள் ஆலையில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

அண்ணனுக்கு மிகவும் பிடித்தது பெல்ஜியத்துக் கதை. அங்கே ஓர் ஊரில் ஈஸ்டே போடுவதில்லை. காய்ச்சிய பார்லிச் சாற்றை மாடியறையில், அகலமான செம்புத் தொட்டியில், ஜன்னலைத் திறந்து ஆறவிடுகிறார்கள். காற்றில் வரும் நுண்ணுயிர்கள் விழுந்து தானாக நொதிக்கிறது. பிறகு மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்து புளிக்கிறது.

“இதுல என்னட்டி அதிசயம்? பனையில கட்டுத கலயத்துல எவன் ஈஸ்ட் போடுதான்?” என்றான் அண்ணன். “அவன் பீப்பாயில செய்யுதத நம்மாளு கலயத்துல செஞ்சான். அவனுக்குப் பேரு கலைஞன், நம்மாளுக்குக் கைவெலங்கு. சர்க்காரு கள்ளுக்கடைய மூடிட்டு பிராந்திக்கடையத் தொறந்து வச்சிருக்கு. வேதியியல் தெரியாத பயலுவ.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் அப்போது குடித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். முதல் வார்த்தையிலேயே குரலில் தெரிந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பிராந்திக்கடையில் நின்றுவிட்டுத்தான் அவன் வீட்டுக்கு வருவான். குடிக்காத நாளில் அண்ணன் பேச மாட்டான். பள்ளிக்கூடம், மழை, எல்லாரும் சௌக்கியம், அவ்வளவுதான். குடித்த சனிக்கிழமைகளில்தான் அந்தப் பேச்சு. அதற்காக நான் வாரம் பூராவும் காத்திருந்தேன். அவனைத் திட்டிய சனிக்கிழமைகளும் உண்டு. ஆனால் பேச்சு முடிந்த பிறகுதான் திட்டுவேன். அது ஞாபகம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

“மதினிட்ட பீருன்னு சொல்லிறாதட்டி. லேபுன்னு சொல்லி வச்சிருக்கேன். இதுவும் தெரிஞ்சா வீட்டுல நின்னுக்கிட முடியாது” என்பான்.

இங்கே வந்து பார்க்கிற நம் ஆட்கள் எல்லோரும் ஒன்றைச் சொல்வார்கள்: வெள்ளைக்காரன் உட்கார்ந்து, ரொட்டி தின்று, ஊர்க்கதை பேசிக்கொண்டே ஒரு குவளையை மணிக்கணக்காகக் குடிக்கிறான், நம்மாள் நின்றுகொண்டே ஒரே மடக்கில் ஊற்றிவிட்டுப் போகிறான் என்று. நானும் அப்படிப் பேசியவள்தான். ஆனால் எங்கள் ஆலையிலேயே பீப்பாய் கழுவுகிற ஒருவர் இருக்கிறார். காலையில் ஒரு குவளை உள்ளே போனால்தான் அவர் கை நடுக்கம் நிற்கும். அவர் பெண்டாட்டி கண்ணுக்கும் என் மதினி கண்ணுக்கும் நான் ஒரு வித்தியாசமும் கண்டதில்லை.

அண்ணனுக்கு ஈரல் கெட்டது. கண் மஞ்சளானது. ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அவன் கண்ணை மூடியபோது நான் பெல்ஜியத்தில் இருந்தேன். ஆலை என்னை ஒரு சுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தது. பீப்பாய்களுக்கு நடுவே, கையில் குவளையோடு நின்றபோது, தொலைபேசி வந்திருக்கிறது என்று யாரோ ஓடி வந்து கூப்பிட்டார்கள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அவன் மகன் மணி, மொட்டைத் தலையோடு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

3

சிவகாமி மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. “சாப்பிட்டியா?” என்றுதான் கேட்டாள். அந்தக் கேள்விதான் எனக்குத் தாங்கவில்லை. வருஷத் திதி முடிந்ததும், மணி கல்லூரி விடுதியில் இருந்ததால், இரண்டு மாதம் இங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டேன். வர மாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். “சரி, வாரேன்” என்றாள் உடனே.

வரவழைப்பது லேசாக இல்லை. மதினிக்கு இங்கே ஆகும் செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று நகராட்சியில் கையெழுத்துப் போட வேண்டும். சென்னையில் தூதரகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று மதினி சொல்ல, பிறகு அண்ணன் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

வந்த வாரத்தில், வந்து சேர்ந்ததைப் பதிவு செய்ய வெளிநாட்டார் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஓர் அம்மாள் கதவைத் திறந்து, “திருமதி சங்கரலிங்கம்!” என்று உரக்கக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை மதினி வாழ்நாளில் ஒரு தடவைகூட உச்சரித்தது கிடையாது. துணுக்கென்று எழுந்து, சுற்றிலும் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகுதான் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று புரிந்தது. “என்னட்டி இவ, அவுக பேர இப்படிப் போட்டுக் கூவுதா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே அந்த அம்மாள் என்னிடம் எங்கே வேலை என்று கேட்டாள். நான் குரலைத் தாழ்த்தி ஆலையின் பெயரைச் சொன்னேன். மதினிக்கு ஜெர்மன் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் தாழ்த்தினேன். அந்த அம்மாளுக்குக் காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டு, “ஓ, பீர் ஆலையா! நல்ல வேலை!” என்று வாய்நிறையச் சிரித்தாள். பீர் என்பது எல்லாப் பாஷையிலும் பீர்தான். நான் மதினி முகத்தைப் பார்க்கவில்லை.

பீர் ஊரில் பீரை மறைப்பது கஷ்டம். காய்ச்சுகிற நாட்களில் முளைப்பார்லி வேகும் வாசனை ஊர் முழுக்கப் பரவும்.

“இதென்னட்டி, எப்பப் பாத்தாலும் சத்துமாவு கிண்டுத வாசன வருது?” என்றாள் மதினி.

“பக்கத்துல பேக்கரி மதினி.”

வீட்டிலிருந்த பாட்டில்களை என் வீட்டுக்காரர் காரின் பின்புறத்துக்கு மாற்றினார். வேலை முடிந்து வரும்போது நான் ஏலக்காயை மென்றுகொண்டே வந்தேன். நாற்பது வயதில், என் சொந்த வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று, உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன். அண்ணனும் அவன் வீட்டு வாசலில் இப்படித்தான் நின்றிருப்பான்.

4

உடைத்தது என் மகள் மீனா. அவளுக்கு எட்டு வயது. நாங்கள் பேசுகிற தமிழ் புரியும். பதில் ஜெர்மனில்தான் வரும். அத்தைக்காக முயற்சி செய்து, பொறுக்கிப் பொறுக்கித் தமிழ் பேசினாள். சாப்பிடும்போது மதினி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

“பெரியவளானா நீயும் அம்மா மாதிரி வேலைக்குப் போவியா மீனா?”

மீனா தலையை ஆட்டினாள். “அம்மா வேலை வேண்டாம். அம்மா வேலை குடிக்கிறது. காலையிலேயே குடிக்கணும்.”

‘ருசி பார்ப்பது’ என்ற வார்த்தை அவளுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மதினி கரண்டியைக் கீழே வைக்கவில்லை, சிந்தவும் இல்லை.

“அது எனக்குத் தெரியும்” என்றாள் மீனாவிடம். “இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டா?”

மீனா தூங்கப் போன பிறகு பாத்திரம் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பேக்கரியா, ஏட்டி?”

“மதினி, நான்...”

“நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு எப்பமோ தெரியும். சனிக்கிழம சனிக்கிழம நீங்க ரெண்டு வேரும் பேசுததத்தான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருப்பேனே. எந்த ஊரு தண்ணி, எந்த ஊரு ஈஸ்டுன்னு. எங்கிட்டப் பேசாத மனுசன் அங்கன அப்படிச் சிரிப்பாவ.” ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். “அது போவ, கடையிலயும் உம்பேருதான். ‘எந்தங்கச்சி ஜெர்மனியில பீரு பண்ணுதாவே, நீங்கள்லாம் என்னத்தக் குடிக்கிய’ன்னு கடையில நின்னு சொல்லுவாவளாம். கூடக் குடிச்சவனுவதான் துட்டி கேக்க வந்த எடத்துல சொல்லிட்டுப் போனானுவ.”

என் பெயர் அந்தக் கடையில் புழங்கியிருக்கிறது. என் வேலை, அவன் குவளையைத் தூக்கும்போது சொல்லிக்கொள்கிற பெருமையாக இருந்திருக்கிறது. நான் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

“எம்மேல கோவமா மதினி?”

“இருந்துச்சு. அதச் சொல்லுததுக்கு நான் இம்புட்டுத் தூரம் வரல.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு அது என்னன்னு பாக்கணும்ட்டி. இருவது வருசம் அத மோந்துக்கிட்டே படுத்திருக்கேன். எங்கள விட அதுல என்ன இருக்குன்னு ஒரு தடவ குடிச்சுப் பாக்கணும். ஊர்ல எவகிட்டப் போயிக் கேப்பேன்? கடைக்குப் போவ முடியுமா? நீ வான்னு கூப்பிட்டதும் சரின்னேன்லா, அதுக்குத்தான்.”

முடியாது என்று சொன்னேன். அண்ணன் குடித்தது பிராந்தி, இது பீர், இரண்டும் வேறு என்றேன்.

“வேறன்னா எனக்குக் குடுக்கதுல என்ன?” என்றாள்.

5

அந்தச் சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் மீனாவை நீச்சலுக்கு அழைத்துப் போனார். அண்ணனோடு பேசுகிற நேரம் அது. சாப்பாட்டு மேஜையில் குவளைகளை வைத்தேன். ஆலையில் எப்படி வைப்பேனோ அப்படியே, லேசானதில் தொடங்கி. மதினி நெற்றியில் விபூதி பூசி, கோயிலுக்குப் போவதுபோலத் தலைசீவி வந்து உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே எல்லாவற்றையும் எடுத்துக் கொட்டிவிடலாமா என்று இருந்தது.

முதலில் செக் நாட்டுப் பீர். ஒரு வாய் வைத்தாள். கண்ணை இறுக்க மூடினாள்.

“பாவக்கா அவிச்ச தண்ணி.”

அது ஹாப்ஸ், மதினி என்றேன். இங்கிலாந்துப் பீரைக் கொடுத்தேன். “ஆறிப்போன காப்பி மாதிரி சவசவன்னு இருக்கே” என்றாள். எங்கள் பக்கத்துப் புகைப் பீரை மூக்குக்குக் கொண்டுபோனதும் நிமிர்ந்தாள். “கத்திரிக்கா சுட்டாப்புல இருக்கு!” பெல்ஜியத்துப் பீரைக் குடித்துவிட்டு உதட்டை நக்கினாள். அதைத்தான் ஆலையில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுவோம்: பழைய மரம், பச்சை ஆப்பிள், ஈரக் கம்பளி என்று. மதினி, “பதனி புளிச்சுப்போச்சு” என்றாள். அண்ணன் சொன்ன பனங்கலயம் நினைவுக்கு வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டு, “நீ அழுதேன்னா நான் எந்திச்சுப் போயிருவேன்” என்றாள்.

கடைசியாகக் கோதுமைப் பீர்.

“வாழைப்பழம் போட்டிருக்கியா?”

“இல்ல மதினி. ஈஸ்டு செய்யுத வேல.”

மறுபடியும் ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய். பைய, பேசாமல், அந்தக் குவளையை முழுதும் குடித்து முடித்தாள். நான் தடுக்கவில்லை. வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மதினியின் முகம் கொஞ்சம் சிவந்தது. தோள் இறங்கியது. அண்ணன் செத்த நாளிலிருந்து அவள் தோள் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை.

“நல்லா இருக்கே, கோமதி” என்றாள் மெல்ல. “நல்லாருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. என்னமோ வெசத்தக் குடிக்காவன்னு நெனச்சேன்.”

பிறகு அவள் பேசத் தொடங்கினாள். கல்யாணமான புதிதில் அண்ணன் கடனாத்துக்கு அழைத்துப் போனதை, மணி பிறந்தபோது அவன் பயந்துபோய் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றதை, எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மதினி இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பேச்சின் நடுவில் சட்டென்று நின்றுவிட்டாள். கையில் இருந்த காலிக் குவளையைப் பார்த்தாள்.

“ஏட்டி, இதக் குடிச்சா பேசணும்னு வருதே.”

“ஆமா மதினி. வரும்.”

“குடிச்சிட்டு வந்தா மூஞ்சியில முழிக்க மாட்டேன், பேச மாட்டேன்னு சொன்னேன் நான். தெனமும் குடிச்சாவ. தெனமும் நான் பேசல. சோத்த வச்சிட்டு உள்ள போயிருவேன். கடைசி ரெண்டு வருசம் அப்படித்தான். அவுக தட்டு முன்னால உக்காந்துக்கிட்டு அடுப்படியவே பாத்துக்கிட்டிருப்பாவ. போதையில முழிக்காவன்னு நெனச்சேன்.” குவளையை மேஜையில் வைத்தாள். “இப்ப எனக்கு வருதுல்லா, இது மாதிரிதான அவுகளுக்கும் வந்திருக்கும்? எங்கிட்டப் பேசத்தான பாத்துக்கிட்டிருந்திருப்பாவ?”

பத்து வருஷமாகப் பீரைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். கசப்பு எத்தனை, புளிப்பு எத்தனை, எந்த ஈஸ்ட் எந்த வாசனையைத் தரும், எல்லாம் சொல்வேன். அவள் கேட்டதற்கு ஆமாம் என்றால் அவளைக் கொன்றதாகும். இல்லை என்றால் பொய். அண்ணன் பேச வேண்டியதை யாரிடம் பேசினான் என்று எனக்குத் தெரியும். அவளுடைய சனிக்கிழமைகளை அடுப்படியில் நிற்கவைத்துவிட்டு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க பேசியிருந்தாலும் அவன் குடிச்சுத்தான் இருப்பான் மதினி” என்றேன். அது ஓரளவு உண்மை.

“குடிச்சிருப்பாவ. ஆனா பேசிட்டுச் செத்திருப்பாவல்லா?” என்றாள்.

மேஜையில் தலையைச் சாய்த்து அழுதாள். அண்ணனுக்காக அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, குவளைகளையெல்லாம் அவளே கழுவி வைத்தாள். அதன் பிறகு இருந்த நாட்களில் பீர் என்ற பேச்சையே அவள் எடுக்கவில்லை. காய்ச்சுகிற நாட்களில் மட்டும் ஜன்னலைச் சாத்துவாள்.

6

மதினி ஊருக்குப் போய் ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை நான் கூப்பிட்டபோது அவள் குரல் சரியாக இல்லை. மணி விடுதியில் கூட்டாளிகளோடு குடிக்கிறானாம். லீவுக்கு வந்த இடத்தில் துணி துவைக்கும்போது சட்டையில் வாசனை தெரிந்திருக்கிறது.

“திட்டினியளா?”

“இல்ல. திட்டவும் இல்ல, பேசாமலும் இருக்கல. உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்கிட்ட வந்து நான் குடிச்சதையும் சொல்லிட்டேன். அப்பாட்டப் பேசாம இருந்ததையும் சொன்னேன். நீயும் ஒரு வார்த்த பேசு. உனக்குத்தான் இதப் பத்தித் தெரியும்.”

மணி வந்தான். “சொல்லுங்க அத்தை” என்றான். அண்ணன் குரல் அப்படியே.

“குடிச்சியாலே?”

“ரெண்டு மூணு தடவ. பீருதான்.”

‘பீருதான்’ என்று அவன் சொன்ன விதத்தில் யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னதுபோல இருந்தது.

“அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு பாத்தேல்லாலே?”

“நாந்தான அத்தை பக்கத்துல இருந்தேன்” என்றான். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னான். அவனே தொடர்ந்தான். “அத்தை, ஒண்ணு கேக்கட்டா? நீங்க அந்த வேலைய விட்டுருங்க. நான் இதத் தொடவே மாட்டேன்.”

விளையாட்டாகச் சொல்கிறானா என்று பார்த்தேன். இல்லை.

“யோசிக்கேன்லே” என்றேன்.

இரண்டு நாள் யோசித்தேன். வேறு வேலை இந்த ஊரில் எனக்கு யார் கொடுப்பார்கள் என்று யோசித்தேன். நான் விட்டுவிட்டால் அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையாவது மூடப்படுமா என்று யோசித்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த காரணம் இதுதான்: இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் ஈஸ்ட் பொங்கி நிற்கிற தொட்டியைத் திறக்கும்போது முகத்தில் வந்து மோதுகிற அந்த மணத்தை விட்டுவிட எனக்கு மனசில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். குவளைகளை வரிசையாக வைத்தார்கள். ருசி பார்த்தேன், விழுங்கினேன்.

அதற்குப் பிறகு மணி லீவுக்கு வீட்டுக்கு வருகிற சனிக்கிழமைகளில் தொலைபேசியை அவன்தான் எடுக்கிறான். எடுத்ததும் கேட்பான்: “விட்டுட்டியளா அத்தை?”

“இன்னும் இல்லலே” என்பேன். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவான்.

ஆலையில் எனக்கு விழா எடுத்த வாரத்தில் கூப்பிட்டபோதும் அவன்தான் எடுத்தான். அதே கேள்வி. அதே பதிலைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

“பரவால்ல அத்தை. நான் விட்டாச்சு” என்றான். “இருங்க, அம்மாகிட்டக் குடுக்கேன்.”